மைலோ டின்னில் இருந்த தபால் கார்டு

சுங்கை சிப்புட்டுக்கு வாழ வந்து மூன்று வருஷம் ஆகிறது. மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சின்னப் பட்டணம். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பார்க்கிற இடமெல்லாம் செம்பனை. வந்த மறுநாள் காலை எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டம்மா "பசியாறிட்டீங்களா?" என்றார். பட்டினி கிடப்பவள் மாதிரியா தெரிகிறேன் என்று எனக்கு முகம் சுருங்கிவிட்டது. காலைப் பலகாரம் சாப்பிடுவதற்கு இங்கே அதுதான் சொல்லாம். ராசிபுரத்துக்காரி, தமிழ் தெரியும் என்ற தைரியத்தில் வந்தேன். பெரட்டு, மங்கு, மண்டோர், சஞ்சிக்கூலி என்று அத்தை பேசப் பேச, பாதிக்கு அவரிடமே அர்த்தம் கேட்க வேண்டியிருந்தது.

வேலைக்குப் போக அனுமதி கிடைக்கும்வரை வீட்டில்தான் இருந்தேன். அப்படி ஒரு மழைநாளில் அத்தை பழைய மைலோ டின்னைத் திறந்து ஒரு தபால் கார்டை எடுத்துக் கொடுத்தார். "எங்க தாத்தாவுக்கு வந்தது. படிம்மா, ஒங்க ஊர் எழுத்துதானே." புள்ளி வைக்காத, கொம்பு சுழித்த பழைய கையெழுத்து. படிக்க ஒரு மணி நேரம் ஆனது. நலம், மழை இல்லை, அம்மாவுக்குக் கண் தெரியவில்லை, நீ போய் எட்டு வருஷம் ஆகிறது, பணம் வந்து சேர்ந்தது. அஞ்சல் முத்திரை அழிந்துபோயிருந்தது. அனுப்பியவர் முகவரியில் மோகனூர் பக்கம் ஒரு கிராமம், நாமக்கல் தாலுக்கா, திருச்சிராப்பள்ளி ஜில்லா.

நாமக்கல் எப்போது திருச்சியில் இருந்தது? எழுதியவர் தப்பாகப் போட்டுவிட்டார் என்றே நினைத்தேன். இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் மதராஸ் மாகாணத்து ஜில்லா கெஜட்டியர்கள், அதாவது ஜில்லா விவர நூல்கள், இலவசமாகக் கிடைக்கின்றன. அங்கே தொடங்கித் தேடினால் தப்பு என்னுடையது. நாமக்கல் தாலுக்காவை 1910-ல் சேலத்திலிருந்து திருச்சிக்கு மாற்றி, 1929-ல் திரும்பச் சேலத்தோடு சேர்த்திருக்கிறார்கள். அப்படியானால் கார்டு 1929-க்கு முந்தியது. தாத்தா வந்தது 1921-க்குள். ஜில்லா மாறினாலும் ஊர்க்காரர்கள் பழைய பெயரையே சில வருஷம் எழுதிக்கொண்டிருந்திருக்கலாம்தான். அதற்காக இரண்டு மூன்று வருஷம் தள்ளிக்கொண்டாலும் ஒன்று நிச்சயம். இங்கே எல்லாரும் தாத்தா பாட்டி வந்த கப்பலாகச் சொல்கிற ரஜூலாவில் அவர் வரவில்லை, ரஜூலா கட்டப்பட்டதே 1926-ல். அத்தைக்கு இதில் வருத்தம். "எல்லாரும் ரஜூலான்னுதானே லா சொல்லுவாங்க" என்றார். நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கிய எல்லாரையும் ஞாபகம் அந்த ஒரே கப்பலில் ஏற்றிவிடுகிறது போலும்.

பிறகு இந்தப் பக்கத்தைத் தேடினேன். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் பழைய செய்தித்தாள்களைக் காசில்லாமல் பார்க்கலாம். மலாயாவும் சிங்கப்பூரும் ஒரே வெள்ளைக்கார ஆட்சியில் இருந்ததால் தோட்டத்துச் செய்திகளும் அதில் உண்டு. ஊர்ப் பெயரை இப்போதைய எழுத்துக்கூட்டில் போட்டேன், பழைய காலத்தில் ஒன்றும் அகப்படவில்லை. அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் 'சுங்கேய்' என்று எழுதினார்களாம். அப்படிப் போட்டதும் கொட்டியது, கொட்டியதில் பெரும்பகுதி 1948 ஜூன். அந்த மாதம் 16-ஆம் தேதி இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார அதிகாரிகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அந்த வாரமே அவசரகாலச் சட்டம் வந்தது, 1960 வரை நீடித்தது. அத்தை சின்ன வயதில் பார்த்த கம்பி வேலியும் ஊரடங்கும் அந்தச் சட்டத்தில் வந்தவைதான்.

தாத்தா பெயரைத் தேடித்தான் ஒரு மாதம் வீணாயிற்று. ராமசாமியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர் சில இடத்தில் இருக்கும், சில இடத்தில் இருக்காது. தேட வேண்டியது ஆளை அல்ல, தோட்டத்தை. அதிலும் ஒரு முடிச்சு. அத்தை சொல்வது 'செட்டியார் தோட்டம்'. செட்டியார் தோட்டம் இல்லாத வட்டாரம் எது? பதிவேட்டில் அதற்கு வேறு ஆங்கிலப் பெயர். அதே நூலகத்தின் பழைய வணிகக் கையேடுகளில் தோட்டம், அதன் ஏஜென்ட், துரை என்று வரிசையாக இருக்கும். தமிழ் வாயில் உருண்டு தேய்ந்த ஒரு துரை பெயரை அத்தை வைத்திருந்தார். அதைத் திரும்பத் திரும்ப உரக்கச் சொல்லிப் பார்த்து, ஒரு பக்கத்தில் ஒரு பெயரோடு பொருத்தினோம். தோட்டம் அகப்பட்டுவிட்டது. துரை பெயர் இருக்கிறது, கிராணி என்கிற தோட்டத்துக் குமாஸ்தா பெயர்கூட ஓரிடத்தில் இருக்கிறது. பால் வெட்டியவர்கள் பெயர் எதுவுமில்லை.

அதைவிடக் கடினமானது பெரியப்பா கதை. அத்தையின் அப்பாவுக்கு மூத்தவர், ஜப்பான்காரன் காலத்தில், அவன் போரின்போது போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. போர்க் கல்லறைகளுக்கான காமன்வெல்த் ஆணையத்தின் தளத்தில் அங்கே இறந்த சிப்பாய்களைப் பெயர் போட்டுத் தேடலாம். எந்தக் கல்லறை, எந்த வரிசை என்று வந்துவிடும். 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் போன தமிழர்களுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார், நான் மடிக்கணினியை மூடிவிட்டு டீ போடப் போனேன்.

போன வாரம் சொன்னார்: "அந்தக் கார்டுக்கு ஒரு பதில் போடலாமா? யாராவது இருப்பாங்கல்ல." ராசிபுரத்திலிருந்து மோகனூர் ஒரு பஸ் மாறினால் போய்விடுகிற தூரம், அண்ணனையே அனுப்பலாம் என்றேன். வேண்டாம், கடுதாசிதான் மரியாதை என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். உறையில் கிராமத்தின் பெயரை எழுதி, திருச்சி, சேலம் இரண்டையும் விட்டுவிட்டு நாமக்கல் மாவட்டம் என்று போட்டேன். 1997-ல் பிரிந்தது என்று அத்தைக்கு விளக்கினால், "இன்னும் எத்தனை தடவை மாத்துவாங்க?" என்கிறார். பின்கோடு மட்டும் காலியாக இருக்கிறது. அண்ணன் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.