கான்கார்டில் ஏறியிருக்கிறீர்களா?

8 அக்டோபர் 2023, ஞாயிறு

விடியற்காலை டாக்சி சவாரி. லண்டன் டுவிக்கன்ஹாமிலிருந்து ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் டெர்மினலுக்கு. எழுபத்தைந்தைத் தாண்டிய கணவன் மனைவி, நாலு பெட்டி. நியூயார்க்கில் மகள் வீட்டுக்கு ஏழு வாரம் போகிறார்களாம். "மறுபடியும் எட்டு மணி நேரம் முட்டியை மடக்கிக்கொண்டு உட்காரணும்" என்று அவர் முனகினார். "ஆமாம், இவர் தினமும் கான்கார்டில் போய்ப் பழகினவர்" என்று அந்த அம்மா இடித்தார்.

கான்கார்டு என்றால் ஒலியைவிட வேகமாகப் பறந்து, 2003-இல் நின்றுபோன பயணிகள் விமானம். எனக்குத் தூக்கக் கலக்கம் போய்விட்டது. நிஜமாகவே போயிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

போயிருக்கிறார்கள், ஒரே ஒரு முறை. அதுவும் எந்த ஊருக்கும் போகாத பயணம். ஹீத்ரோவில் ஏறி, பிஸ்கே வளைகுடாவுக்கு மேலே ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தைத் தொட்டுவிட்டு ஹீத்ரோவிலேயே இறங்குவது. அந்தக் காலத்தில் இப்படி வாடகைக்கு எடுத்து ஓட்டிய பயணங்கள் நிறைய உண்டு. பணக்காரர்கள் நியூயார்க் போனார்கள், மற்றவர்கள் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார்கள். இவர் தபால்காரராக இருந்தவர். கல்யாணமாகி 25 வருஷம் ஆனதற்கு, அந்த அம்மா பிஸ்கட் டின்னில் காசு சேர்த்து டிக்கெட் வாங்கியிருக்கிறார்.

வேகம் எப்படி இருந்தது என்றேன். "தெரியவே இல்லை" என்றார். மேலே போன பிறகு நின்ற இடத்திலேயே நிற்பது போலத்தான் இருந்ததாம். அவருக்கு மறக்காதது கிளம்பிய நேரம்தான். நாலு எஞ்சினிலும் வால் பக்கம் கூடுதலாக எரிபொருளைப் பாய்ச்சி எரிப்பார்கள். ஆஃப்டர்பர்னர் என்பது அதுதான். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். தரையை விடும்போதே மணிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். ஒரு நிமிஷம் சொச்சம் கழித்து, கீழே குடியிருப்பவர்களின் காதுக்காக அதை டக்கென்று நிறுத்துவார்கள். அப்போது விமானமே நின்றுவிட்டது போல இருக்குமாம்.

"விழப்போகிறோம் என்று நினைத்து இவள் கையைப் பிடித்தேன்."

"பிடித்தாரா! நகம் பதிந்த தழும்பு இருக்கிறது, பார்க்கிறீர்களா?"

கீழே குடியிருந்தவர்களில் நானும் ஒருவன். 1999-இல் ஊரிலிருந்து வந்து ஹவுன்ஸ்லோவில் ஒரே அறையில் நாலு பேர் இருந்தோம். வந்த முதல் நாள் சாயங்காலம் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆட, வெளியே இரண்டு கார்களில் அலாரம் அடிக்க, நான் துள்ளி எழுந்துவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அறைத்தோழர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கான்கார்டு. உட்காரு, ரசம் ஆறுது."

அந்த விமானத்தில் ஏறியவர் யாரையும் இருபத்து நாலு வருஷத்தில் நான் விசாரித்ததே இல்லை. வயதானவர்கள் வண்டியில் ஏறினால் இனிமேல் கேட்கப்போகிறேன். கேட்டதை இங்கே எழுதிவைக்கிறேன்.

11 அக்டோபர், புதன்

மூன்று நாளில் பதினோரு பேரிடம் கேட்டாயிற்று. பத்துப் பேர் இல்லை என்றார்கள். ஒருவர் ஏதோ வங்கியில் பெரிய பதவியில் இருந்தவர். நாற்பது தடவைக்கு மேல் போயிருக்கிறாராம்!

காலை 10:30-க்கு லண்டனில் கிளம்பினால் நியூயார்க்கில் இறங்கும்போது அங்கே மணி ஒன்பதரை. ஏறினதற்கு ஒரு மணி நேரம் முன்னாடி இறங்குவது. ஓடுபாதையில் நகர்வதும் சேர்த்துச் சுமார் நாலு மணி நேரம், கடிகார வித்தியாசம் ஐந்து, அவ்வளவுதான் கணக்கு. கணக்கு தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைத் திருப்பும்போது ஒரு திருட்டு சந்தோஷம் இருக்கும் என்றார்.

வேறென்ன ஞாபகம் இருக்கிறது என்றேன். யோசித்தார். "பெரும்பாலும் தூங்கிவிடுவேன்." நாற்பது தடவை! போக வர 6,000 பவுண்டுக்கு மேல் கொடுத்துத் தூங்கியிருக்கிறார். கம்பெனிக் காசு என்பது வேறு விஷயம்.

15 அக்டோபர், ஞாயிறு

இன்று வண்டியை எடுக்கவில்லை, அதாவது வாடகைக்கு எடுக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வேபிரிட்ஜ் பக்கம் இருக்கும் புரூக்லேண்ட்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனேன். வாசலிலேயே பழைய சிநேகிதர் ஒருவர் நின்றார். ஹீத்ரோ சுரங்கப்பாதைக்கு வெளியே ரவுண்டானாவில் பல வருஷம் நின்ற கான்கார்டின் மாதிரி வடிவம்தான். நிஜத்தில் 40 சதவீத அளவு. நான் டாக்சி ஓட்டப் பழகிய காலத்தில் வழி சொல்வதே "அந்த கான்கார்டு பொம்மையிடம் இடது பக்கம்" என்றுதான். 2007-இல் எடுத்துவிட்டார்கள். எங்கே போனதென்று அப்போது நான் கவலைப்படவும் இல்லை.

உள்ளே நிஜமானது. பதிவு எண்ணின் கடைசி எழுத்துகளான D, G-ஐ வைத்து டெல்டா கோல்ஃப் என்று கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு கான்கார்டுக்கும் இப்படித்தான் பெயர். டிக்கெட் வாங்கின பயணிகளை ஏற்றிய விமானம் அல்ல, சோதனைக்கென்று இருந்தது. ஆனாலும் முதன்முதலில் 100 பேரை ஒலியின் இரு மடங்கு வேகத்தில் சுமந்தது இதுதானாம். பிற்பாடு மற்ற கான்கார்டுகளுக்காக இதிலிருந்து உதிரிபாகங்களைக் கழற்றிக்கொண்டார்கள். 2004-இல் துண்டு துண்டாக லாரியில் இங்கே கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள்.

ஏறியதும் எனக்கு ஏமாற்றம்தான். நம்மூர் மினி பஸ் போல ஒடுக்கமாக இருக்கிறது. நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சீட். நான் நிமிர்ந்து நின்றால் தலைக்கு மேல் நாலு விரல்தான் மிச்சம். இதற்குள்ளா ராணி போனார், இதற்குள்ளா ஃபில் காலின்ஸ் 1985-இல் லண்டனில் ஒரு கச்சேரியை முடித்துவிட்டு அதே நாளில் அமெரிக்காவில் இன்னொன்று பாட ஓடினார்? ஜன்னல் உள்ளங்கை அகலம்தான். மகள் தன் போனை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். ஏறக்குறைய மறைத்துவிட்டது.

விளக்கம் சொல்கிற தொண்டர் ஒருவர் இருந்தார். 60,000 அடி வரை போகும், சாதாரண விமானங்களைவிட 20,000 அடி மேலே. வெளியே உறைகிற குளிர், ஆனால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற வேகத்தில் மூக்குநுனி 127 டிகிரி வரை கொதிக்கும். தண்ணீர் கொதிப்பதே 100-இல். அந்தச் சூட்டில் விமானமே ஒரு சாண் போல நீளும். விமானிகள் அறையில் எஞ்சினியரின் பலகைக்கும் பின் சுவருக்கும் நடுவே தரையில் இருக்கும்போது இடைவெளியே கிடையாது. பறக்கும்போது கை நுழைகிற அளவு திறந்துகொள்ளும். 2003-இல் ஆல்ஃபா கோல்ஃப் விமானம் சியாட்டில் அருங்காட்சியகத்துக்குப் போன கடைசிப் பயணத்தில் எஞ்சினியர் தன் தொப்பியை அந்த இடுக்கில் செருகினாராம். இறங்கி ஆறியதும் இடுக்கு மூடிக்கொண்டது. இனி அது பறக்காது, சூடாகாது, தொப்பியும் வராது. மகள் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

முன் வரிசையில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் தன் பையனோடு உட்கார்ந்திருந்தார். ஜன்னலில் உள்ளங்கையை வைத்துவைத்து எடுத்தார். நான் கேட்காமலேயே சொன்னார். பத்து வயதில் கிறிஸ்துமஸ் சமயத்தில் இவரை லாப்லாந்துக்குக் கான்கார்டில் கூட்டிப்போனார்களாம், பனிக்குள் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்க்க. தாத்தாவின் முகம் ஞாபகத்தில் இல்லை, பனியும் இல்லை. ஜன்னல் வெதுவெதுப்பாக இருந்தது, அதுதான் இருக்கிறது. "அம்மா தோசைக்கல்லைத் தொடாதே என்று சொல்கிற சூடு இல்லை, டீ கப் சூடு" என்று நான் மகளுக்குத் தமிழில் சொன்னேன். அந்தப் பெண் என்ன சொன்னேன் என்று கேட்டார். டீ கப் மட்டும் சொன்னேன். "அதேதான்" என்றார்.

நானும் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

24 அக்டோபர், செவ்வாய்

இன்றோடு 20 வருஷம். 2003-இல் இதே நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மூன்று கான்கார்டுகள் அடுத்தடுத்து ஹீத்ரோவில் இறங்கின. ஒன்று எடின்பரோவிலிருந்து, ஒன்று பிஸ்கே சுற்று, கடைசியாக நியூயார்க்கிலிருந்து. டிவியில் நியூயார்க் விமானத்தின் பிரபலங்களையே திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். எடின்பரோ விமானத்தில் போட்டியில் ஜெயித்து இடம் கிடைத்தவர்கள் இருந்தார்கள், அவர்களை அதிகம் காட்டவில்லை. எனக்கு அவர்களிடம் பேசத்தான் ஆசை.

நான் அன்று வேலி ஓரம் நின்றேன். நின்றேன் என்பதைவிட மாட்டிக்கொண்டேன் என்பது சரி. பின்சீட்டில் ஒரு சவாரி, முன்னால் அசையாத கார்கள். அந்த ஆள் கோபப்பட்டுக் கதவைத் திறந்து இறங்கினார். பார்த்தால் அவரும் வேலியோரம் போய் நின்று அண்ணாந்து பார்க்கிறார். மூக்கைத் தாழ்த்தி, காலை நீட்டி, ஏரியில் கொக்கு இறங்குகிற மாதிரி வந்தது. விமானிக்கு ஓடுபாதை தெரியவேண்டும் என்று மூக்கையே 12.5 டிகிரி இறக்கும் வித்தை அது. சத்தமும் கொக்கு மாதிரி இருந்திருந்தால் இன்னும் பறந்துகொண்டிருக்குமோ என்னவோ.

2000-இல் பாரிஸ் அருகே கோனெஸில் கான்கார்டு ஒன்று விழுந்து 113 பேர் செத்ததையும் சொல்லாமல் இந்த நாளை எழுதக்கூடாது. வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்து கிடந்த ஒரு தகட்டுத் துண்டு டயரைக் கிழித்தது, அதில் தொடங்கியது எல்லாம். 2001 நவம்பரில் திரும்பப் பறந்தது, ஆனால் இரண்டு வருஷம்தான். ஹீத்ரோவில் இன்னும் ஆல்ஃபா பிராவோ வெட்டவெளியில் நிற்கிறது. 2000-க்குப் பிறகு அது பறக்கவே இல்லை.

31 அக்டோபர், செவ்வாய்

சிறுவயதில் பரீட்சை மார்க் வரும்போதெல்லாம் என் அம்மா சொல்வது: "சூரியன் மேற்கே உதிச்சாலும் நீ திருந்தமாட்டே."

இன்று ரிச்மண்டில் ஏறிய பாட்டி மேற்கே உதித்த சூரியனைப் பார்த்தவர்! குளிர்காலத்தில் லண்டனில் இருட்டிய பிறகு கிளம்பிய விமானம். பூமி சுற்றுவதைவிட வேகமாக மேற்கே ஓடுவதால் அஸ்தமித்த சூரியனைத் துரத்திப் பிடித்துவிடும். முன்னால் அடிவானத்தில் சிவந்து, மெல்ல மெல்ல மேலே ஏறியதாம். தலைக்கு மேலே வானம் நீலமாக இல்லை, கருநீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவில். அடிவானம் லேசாக வளைந்திருந்தது. பக்கத்துச் சீட்டு ஆள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் என்று இன்றும் அவருக்கு ஆற்றாமை.

ராத்திரி ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, அப்போ நீ திருந்தியிருக்கணுமே?" என்றாள்.

12 நவம்பர், ஞாயிறு, தீபாவளி

வெம்பிளியில் நண்பர் வீட்டில் சாப்பாடு. அங்கே ஒரு பெரியவர் வந்திருந்தார், சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த ஐயா, எண்பத்திரண்டு வயது. அதிரசத்தைப் பிட்டுக்கொண்டே என் கதையை எல்லாம் கேட்டவர், "நான் 1979-லயே போயிருக்கேன் தம்பி" என்றார். எனக்கு அதிரசம் தொண்டையில் நின்றது.

அப்போது சிங்கப்பூரிலிருந்து பஹ்ரைன் வழியாக லண்டனுக்குக் கான்கார்டு ஓடியது. ஆல்ஃபா டெல்டா என்ற விமானத்துக்கு இடது பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணம், வலது பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணம். 1977 டிசம்பரில் தொடங்கி மூன்றே நடையில் நின்றது, மலாக்கா நீரிணைக்கு மேல் அந்த வேகத்தில் போகக்கூடாது என்று மலேசியா சொல்லிவிட்டதால். 1979 ஜனவரியில் மறுபடி தொடங்கி, 1980-இல் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள்.

ஐயா போனது முதலாளிக்குப் பதிலாக. முதலாளிக்குக் காய்ச்சல், டிக்கெட் வீணாகக்கூடாதென்று இவரை அனுப்பியிருக்கிறார்கள். வழக்கத்தைவிட நாலைந்து மணி நேரம் மிச்சம். ஆனால் அவருக்கு மனசில் நிற்பது வேறு. விமானத்தில் ஏறுவது எப்போதும் இடது பக்கம்தானே? அதனால் சிங்கப்பூர் நிறத்தை மட்டும் பார்த்து, 'நம்ம விமானம்' என்று நெஞ்சு நிமிர்த்தி ஏறியிருக்கிறார். பல வருஷம் கழித்து ஒரு போட்டோவில்தான் வலது பக்கத்தைப் பார்த்தாராம். "ஏமாத்திட்டாங்க தம்பி" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

அதே ஆல்ஃபா டெல்டாதான் 1996 பிப்ரவரி 7-இல் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் வந்தது. இன்றுவரை பயணிகள் விமானம் எதுவும் அதை முந்தவில்லை. ஐயாவிடம் சொன்னேன். "எந்தப் பக்க நிறத்தோட?" என்று கேட்டார்.

26 நவம்பர், ஞாயிறு

20 வருஷம் முன்பு இதே நாளில்தான் ஆல்ஃபா ஃபாக்ஸ்டிராட் பிரிஸ்டல் பக்கம் ஃபில்டனில் இறங்கியது. அதன் பிறகு கான்கார்டு எதுவும் பறக்கவில்லை. பிரிஸ்டல் போகலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் காலையில் ஐந்தாம் டெர்மினலில் ஒரு முன்பதிவு: டுவிக்கன்ஹாம் தபால்காரரும் அவர் மனைவியும் திரும்பி வருகிறார்கள்.

நாலு பெட்டி ஆறாகியிருந்தது. ஏறியதும் முதல் வேலையாக முட்டியைப் பற்றிய புகார். அப்புறம் அவரே ஆரம்பித்தார். பேரப்பிள்ளைகளுக்குத் தாங்கள் போன விமானத்தைக் காட்டுவோம் என்று நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் இன்ட்ரெபிட் அருங்காட்சியகத்துக்குப் போனார்களாம். அங்கே நிற்பது ஆல்ஃபா டெல்டா. போனால், இடம் காலி. புதிதாக வண்ணம் பூச ஆகஸ்டிலேயே படகில் ஏற்றி புரூக்ளின் கப்பல் கட்டும் தளத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"நாலு பேரப்பிள்ளைகள். தாத்தா காட்டிய கான்கார்டு வெறும் சிமெண்ட் தரை" என்றார் அம்மா.

நான் சிங்கப்பூர் ஐயாவின் கதையைச் சொன்னேன். இரண்டு பக்கமும் இரண்டு நிறம் என்றதும் அவர் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். தாங்கள் போனதும் ஆல்ஃபா டெல்டாதானா என்று அவருக்கு நிச்சயமில்லை. ஏறும்போது கொடுத்த சான்றிதழ் பரணில் இருக்கிறதாம், அதில் பார்க்கலாம் என்றார். பரணில் ஏறக்கூடாது, முட்டி, என்று அம்மா.

வீட்டு வாசலில் ஆறு பெட்டியையும் இறக்கினேன். விமானம் வசந்த காலத்தில் இன்ட்ரெபிட்டுக்குத் திரும்ப வந்துவிடுமாம். ஏப்ரலில் மறுபடி போகிறார்கள். காலை ஆறு மணிக்கு வண்டி வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டார்.