சிப்பாங்தான், வேறு பேச்சே வேண்டாம்

அந்த இழுவை லாரிக்காரர் மேல் உள்ள கோபம் இன்னும் அடங்கவில்லை. பந்திங்கிலிருந்து சிப்பாங் பந்தயத் தடம் வரை 250 ரிங்கிட் என்று பேசி, நண்பரின் சத்ரியா ஜிடிஐ காரை ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் எண்ணெய் போட நிறுத்தி, "அண்ணே, 400 ஆவும். டோல் இருக்குல்ல" என்கிறார். நாங்கள் போனது மோரிப், தஞ்சோங் சிப்பாட், சுங்கை பிலேக் வழியாக. அதில் டோல் எங்கே வந்தது? வண்டி அவர் முதுகில் இருக்கும்போது என்ன சண்டை போட முடியும்! கொடுத்தோம். இனி யாராக இருந்தாலும் விலையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்காமல் வண்டியை ஏற்ற விடாதீர்கள்.

பயணத்தின் நோக்கம் இதுதான்: எங்கள் கார் கிளப்பின் டிராக் டேயை, அதாவது சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளை, எங்கே வைப்பது? நேரில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று, எல்லாருக்கும் திறந்துவிடும் ஒரு நாளில் போனோம்.

சுங்கை பிலேக் தாண்டும் வரை செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஊர்ந்தோம். ஒவ்வொரு குழியிலும் இரண்டு பழம் உதிர்ந்து ரோட்டில் நசுங்கியது. அந்த வழுவழுப்பில் பிரேக் போடவே பயம். நாம் ஓட்டப்போகும் தடமும் ஒரு காலத்தில் செம்பனை நின்ற மண்தான். 1999-இல் திறந்தார்கள். அந்த ஆண்டிலிருந்து 2017 வரை ஃபார்முலா ஒன் நடந்தது, மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயம் இன்றும் நடக்கிறது.

ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு நேர்ப்பாதைகள். இரண்டையும் இணைப்பது கடைசி வளைவு, கொண்டை ஊசி. முழு வேகத்தில் வந்து அங்கே பிரேக்கை அழுத்தும்போதுதான் வண்டியின் உண்மையான நிலை தெரியும். சத்ரியாவின் பெடல் நான்காவது சுற்றிலேயே பஞ்சு மாதிரி அமுங்க ஆரம்பித்தது. பிரேக் எண்ணெய் சூடேறிக் கொதித்தால் இப்படித்தான் ஆகும். உடனே வேகத்தைக் குறைத்து, பிரேக் தொடாமல் ஒரு சுற்று ஆற விட்டு, தடத்தோரம் வண்டி நிறுத்தும் பிட்டுக்குள் வந்தோம். வருகிறவர்கள் புது பிரேக் எண்ணெய் ஊற்றி, பிரேக் பேட் தடிமனைப் பார்த்துவிட்டு வாருங்கள். சாதாரண கார் இன்சூரன்ஸ் பந்தயத் தடத்தில் செல்லாது, அதையும் மனதில் வையுங்கள்.

"ஆயர் குரோ மலிவுதானே" என்று சிலர் சொல்கிறார்கள். மலிவுதான். ஆனால் மலாக்காவில் இருக்கும் அது, கார்ட் என்னும் குட்டிப் பந்தய வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஏற்ற சிறிய தடம். எங்கள் சிவிக், மைவி, சத்ரியா எல்லாம் அங்கே மூன்றாம் கியரைத் தாண்டுவதே பெரும்பாடு. தாய்லாந்தின் புரிராம் தடம் 4.554 கிலோமீட்டர், அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் எல்லை தாண்டி வண்டி கொண்டுபோகும் செலவை யார் கட்டுவது? நம் கிளப்பில் பாதிப் பேர் மாதச் சம்பளக்காரர்கள். பெரியவர்கள் இன்னும் ஷா ஆலமில் இருந்த பத்து தீகா தடத்தைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறார்கள், அதுவோ மூடப்பட்டுப் பல வருஷமாச்சு.

சிப்பாங்கில் புதிதாக ஓட்டும் தம்பிகள் தவறினாலும் சுவரில் போய் மோத மாட்டார்கள். தடம் அகலம், வெளியே சரளையும் வெற்றிடமும் தாராளம். எனக்கு இது ஒன்றே போதும்.

முழுத் தடத்தையும் நாமே வாடகைக்கு எடுக்க நம்மால் முடியாது. வடக்குப் பாதி, தெற்குப் பாதி என்று அதைப் பிரித்து ஓட்டவும் வழி உண்டு. ஆனால் பாதித் தடத்தில் அந்த இரண்டு நேர்ப்பாதைகளும் சேர்ந்து கிடைக்காதே! இன்னொரு கிளப்போடு சேர்ந்து முழுத் தடத்தையே பங்கு போடுவதுதான் புத்திசாலித்தனம்.

சாப்பாடு: திரும்பும்போது பந்திங்கில் வாழையிலைச் சாப்பாடு. ஆட்டுக்கறிப் பிரட்டலில் மிளகு தூக்கலாக, எலும்பில் ஒட்டிய கறி விரல் பட்டாலே உதிர்ந்தது. ரசத்தை மூன்று தடவை வாங்கிக் குடித்தேன். லாரிக்காரர் பிடுங்கிய 150 ரிங்கிட்டில் எங்கள் மேசை முழுவதும் சாப்பிட்டு மீதமும் வந்திருக்கும்!

தேதி பற்றி என் கருத்து: ஜூன் அல்லது ஜூலை. பிப்ரவரியில் மோட்டோஜிபி சோதனை ஓட்டம் இருக்கும். அக்டோபர், நவம்பரில் மழை. எந்த மாதமானாலும் காலை நேரத்தையே கேளுங்கள், மதியத்துக்கு மேல் இடி இடித்தால் காசு தண்ணீரோடு போய்விடும். முன்பணம் கட்ட விரும்புகிறவர்கள் இந்த வாரத்துக்குள் பெயர் கொடுங்கள்.