கற்றல் பாணிப் படிவமும் தப்பான விடைகளும்

ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி கற்பதில்லை என்பதை ஆசிரியப் பணியில் இருக்கும் எவரும் மறுக்க மாட்டார்கள். அந்த வேறுபாடு எதில் இருக்கிறது என்பதில்தான் கருத்து வேறுபடுகிறோம். ஆசிரியர் பயிற்சிகளில் இதற்கு ஓர் ஆயத்த விடை இன்றும் தரப்படுகிறது. சில பிள்ளைகள் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள், சிலர் கைகளால் செய்து கற்பவர்கள். ஒரு வினாப்படிவத்தை நிரப்பச் சொல்லி யார் எந்த வகை என்று கண்டுகொண்டு, அவரவர் பாணிக்கு ஏற்பப் பாடம் நடத்த வேண்டும் என்பது அந்த விடை. மும்பை தாராவிப் பகுதியில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை கணக்கும் அறிவியலும் நடத்திவரும் நான் இதை ஏற்பதில்லை. ஏன் ஏற்பதில்லை, அதற்குப் பதிலாக என்ன செய்கிறேன் என்பதை என் போன்ற ஆசிரியர்களுக்காகவும், "டீச்சர், இவனுக்கு வாயால சொன்னா மண்டையில ஏறாது, படம் போட்டுக் காட்டுனாத்தான் ஏறும்" என்று அக்கறையோடு வந்து சொல்லும் பெற்றோருக்காகவும் எழுதுகிறேன்.

இந்த வகைபிரிப்புகளில் மிகவும் பரவியது, நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங் 1987-இல் உருவாக்கிய 'வார்க்' என்னும் வினாப்படிவம். அது காண்பது, கேட்பது, படித்து எழுதுவது, செய்து பார்ப்பது என்று நான்கு வழிகளைச் சொல்கிறது. வேறு பலரும் வேறு வேறு பெயர்களில் வகைகளைப் பிரித்திருக்கிறார்கள். 2004-இல் ஃபிராங்க் காஃபீல்டும் அவருடைய குழுவினரும் பிரிட்டனில் இந்த முறைகளைத் திரட்டிப் பார்த்தபோது மொத்தம் 71 வகைபிரிப்பு முறைகள் கிடைத்தன. ஒரே பிள்ளை ஒரு படிவத்தில் ஒரு வகையாகவும் அடுத்த படிவத்தில் வேறொரு வகையாகவும் வெளிப்படக்கூடும் என்றால், எந்தப் படிவத்தை நம்பி நான் என் வகுப்பைப் பிரிப்பது?

எண்ணிக்கையை விட முக்கியமானது 2008-இல் ஹரால்டு பேஷ்லரும் மேலும் மூன்று உளவியலாளர்களும் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு. அவர்கள் முன்வைத்த நிபந்தனை எளிமையானது, நியாயமானதும்கூட. பிள்ளைகளை வகைபிரித்த பிறகு, ஒவ்வொரு வகையிலும் பாதிப்பேருக்குப் படம் வழியாகவும் மீதிப்பேருக்குப் பேச்சு வழியாகவும் அதே பாடத்தை நடத்த வேண்டும். இறுதியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். பார்த்துக் கற்பவர்கள் எனப்பட்டோர் படவழியில் நடத்தியபோது அதிக மதிப்பெண்ணும், கேட்டுக் கற்பவர்கள் எனப்பட்டோர் பேச்சுவழியில் நடத்தியபோது அதிக மதிப்பெண்ணும் எடுத்தால் மட்டுமே, பாணிக்கேற்ற கற்பித்தல் பயன் தருகிறது என்று சொல்லலாம். இந்த முறைப்படி நடந்த ஆய்வுகள் மிகச் சிலவே இருந்தன. அவற்றிலும் பல அந்தக் கொள்கைக்கு எதிரான முடிவையே தந்தன. 2015-இல் அமெரிக்காவில் பெரியவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்விலும், ஒரே பகுதியைச் சிலர் ஒலிநூலாகக் கேட்டார்கள், சிலர் திரையில் படித்தார்கள். அவரவர் விருப்பப் பாணிக்கும் புரிந்துகொண்ட அளவுக்கும் தொடர்பு எதுவும் காணப்படவில்லை. ஆனாலும் 2012-இல் பிரிட்டன் ஆசிரியர்களிடம் கேட்டபோது 93 சதவீதம் பேர் இந்தக் கொள்கையை நம்புவதாகச் சொன்னார்கள். நம் ஊரில் கேட்டாலும் பெரிதாக மாறாது என்றே நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு விருப்பம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. படம் பார்க்கப் பிடித்த பிள்ளை இருக்கிறது, கதை கேட்கப் பிடித்த பிள்ளையும் இருக்கிறது. ஆனால் பிடித்த வழியில் பாடம் நடந்தால் வகுப்பில் மகிழ்ச்சியாக உட்கார்ந்திருக்கும் என்பதும், அதனாலேயே நன்றாகக் கற்றுக்கொள்ளும் என்பதும் வெவ்வேறு செய்திகள். எந்த வழியில் நடத்துவது என்பதைப் பெரும்பாலும் பாடப்பொருளே முடிவு செய்துவிடுகிறது. மகாராஷ்டிரத்தின் நிலப்படத்தை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது; கேட்டுக் கற்கும் பிள்ளை என்று பெயர் வாங்கியவனும் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும். செய்யுளை வாய்விட்டுச் சொல்லாமல் அதன் ஓசையை எந்தப் பிள்ளையும் அறிய முடியாது. வெப்பமானியைக் கையில் பிடித்து அளவைப் படித்துப் பார்க்காமல் அதைக் கற்றுக்கொண்டதாகச் சொல்ல இயலாது.

பின்னப் பாடத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்; என் கருத்து உருவானதே அந்தப் பாடத்தை நடத்தி நடத்தித்தான். மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் கரும்பலகையில் எழுதப்பட்டிருக்கும். எது பெரியது என்று சிலேட்டில் எழுதி, நான் சொன்னதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். ஐந்தாம் வகுப்பில் பெரும்பாலான சிலேட்டுகளில் நான்கில் ஒன்று என்றுதான் இருக்கும். தப்பான விடை ஒன்றுதான். அதற்கான காரணங்கள் பல. "மூணை விட நாலு பெருசுதானே டீச்சர்" என்பாள் ஒருத்தி. முழு எண்ணின் விதியை அவள் பின்னத்துக்கும் கொண்டுவருகிறாள். இன்னொருத்தியிடம் காகித நாடாவைக் கொடுத்து நான்காக மடிக்கச் சொன்னால், நான்கு பகுதிகளையும் வெவ்வேறு அளவில் மடித்துவிட்டு, "நாலா மடிச்சிட்டேன்" என்று நீட்டுவாள். பகுதிகள் சமமாக இருக்க வேண்டும் என்பதே அவள் மனத்தில் இன்னும் பதியவில்லை. மூன்றாவதாக ஒருவன், விடியும் முன்பே எழுந்து இட்லி அவித்துப் பாத்திரங்களில் அடுக்கிச் சைக்கிளில் விற்கக் கொண்டுபோகும் குடும்பத்துப் பிள்ளை. ஒரே அளவு இட்லியை மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு அதிகம் வருமா, நான்கு பேருக்குப் பங்கிட்டால் அதிகம் வருமா என்று கேட்டால், யோசிக்காமலே "மூணு பேருக்குத்தான்" என்பான். அளவு அவனுக்கு நன்றாகத் தெரியும். கோட்டுக்கு மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணும் எழுதும் முறையைத்தான் அவனால் படிக்க முடியவில்லை.

இந்த மூவரும் படிவத்தை நிரப்பினால் மூவருமே பார்த்துக் கற்பவர்கள் என்று வரக்கூடும். அதனால் எனக்கு எந்தப் பயனும் இல்லை. பாடநூல்களில் வழக்கமாக வரும் நிழலிட்ட வட்டப் படத்தைக் காட்டினாலும், ஒரு வட்டத்தில் ஒரு துண்டு, மற்றொரு வட்டத்திலும் ஒரு துண்டு என்று எண்ணிவிட்டு, இரண்டும் சமம் என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. துண்டின் எண்ணிக்கையைப் பார்ப்பதா, முழு வட்டத்தில் அது எவ்வளவு என்று பார்ப்பதா என்பதை ஆசிரியர் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது; நாடாவை மடித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பிள்ளையே பார்க்க வேண்டியும் இருக்கிறது. சொல்லும் படமும் சேர்ந்து வரும்போது நினைவில் இரண்டு பிடிகள் கிடைக்கின்றன என்று கனடிய உளவியலாளர் ஆலன் பைவியோ 1971-இலேயே விளக்கியிருக்கிறார். ஆகவே நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா வழிகளிலும் நடத்துகிறேன். நாடாவை எல்லோரும் மடிக்கிறார்கள், எண்கோட்டை எல்லோரும் வரைகிறார்கள், ஏன் அப்படி என்பதைப் பக்கத்தில் இருப்பவருக்கு எல்லோரும் வாயால் சொல்கிறார்கள்.

மும்பையில் இன்னொரு வேறுபாடும் உண்டு. என் வகுப்பில் நெல்லைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நடுவில் வந்து சேர்ந்த பிள்ளை தமிழை நன்றாகப் படிக்கும், இந்தி ஒரு சொல்லும் தெரியாது. தாராவியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசும், பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும் படிக்கும், ஆனால் தமிழ்ப் பாடநூலை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கும். "நீங்க சொல்லுங்க டீச்சர், கேட்டுக்கிடுதேன்" என்று அந்தப் பிள்ளை கேட்பது கற்றல் பாணியால் அல்ல. வாசிப்பு ஓடவில்லை, அவ்வளவுதான். அவனைக் கேட்டுக் கற்பவன் என்று எழுதிவைத்து, எல்லாவற்றையும் நானே படித்துக் காட்டிக்கொண்டிருந்தால், எந்தத் திறமையில் அவன் பின்தங்கியிருக்கிறானோ அதையே அவனிடமிருந்து பறித்தவள் ஆவேன். கற்றல் பாணி என்னும் முத்திரையில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான்.

பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவது என்னும் வழி இந்த நகரத்துக்குப் புதியதல்ல. பிரதம் என்னும் கல்வித் தொண்டு அமைப்பு மும்பைக் குடிசைப் பகுதிகளில் தொடங்கி நடத்திய 'பால்சகி' திட்டத்தில், மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளை அந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துக்கொண்டு, எழுத்து வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் கற்பித்தார். மும்பையிலும் வதோதராவிலும் அதை ஆராய்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2007-இல் வெளியிட்ட கட்டுரை, அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்ததைக் காட்டியது. அவ்விருவரும் 2019-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பின்னாளில் வயதையும் வகுப்பையும் விட்டு, எழுத்து, சொல், பத்தி, கதை என்று வாசிக்கும் நிலையைக் கொண்டு குழு அமைக்கும் முறையாக அது வளர்ந்தது.

என் வகுப்பில் அதையே சிறிய அளவில் செய்கிறேன். சிலேட்டு விடைகளைப் பார்த்து, ஒரே காரணத்தால் தவறியவர்களை ஒரு குழுவாக உட்கார வைக்கிறேன். சமப்பங்கு பதியாதவர்களுக்கு நாடா, குறியீடு படிக்கத் தெரியாதவர்களுக்குப் பங்கீட்டுக் கணக்கை எண்ணாக எழுதும் பயிற்சி, புரிந்துகொண்டவர்களுக்கு வேறு பின்னங்கள். அடுத்த பாடத்துக்குப் போனால் குழுக்கள் கலைந்துவிடும். பின்னத்தில் தடுமாறியவள் வடிவியலில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருப்பாள். குழு நிலையாகிவிட்டால் அதுவும் ஒரு முத்திரையாகிவிடும் என்பதால் இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஓர் ஆசிரியர் மூன்று குழுக்களைப் பார்ப்பது கடினம் என்பது உண்மை. மற்ற இரண்டு குழுக்களும் தாமே செய்யக்கூடிய வேலையை முந்தின நாளே எழுதித் தயாராக வைக்காவிட்டால் பாடவேளை கூச்சலில் போய்விடும்.

பார்வை, செவித்திறன் குறைந்த பிள்ளைகளையும், டிஸ்லெக்சியா (எழுத்துகளை வாசிப்பதில் வரும் இடர்ப்பாடு) போன்ற கற்றல் குறைபாடு உள்ளவர்களையும் இந்தப் பேச்சோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. அவர்களுக்கு வழியை மாற்றித் தருவது விருப்பத்தைப் பொறுத்ததல்ல, உரிமை; 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பான கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரு பிள்ளை மாதக்கணக்கில் உழைத்தும் எழுத்துகளைக் கூட்டி வாசிக்கத் திணறினால், பார்த்துக் கற்பவன், கேட்டுக் கற்பவன் என்று சமாதானம் சொல்லிக் காலம் கடத்தாமல் அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

அடுத்த பயிற்சிக்கு என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டபோது நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: வினாப்படிவத்துக்கு ஒதுக்கும் அரைநாளில், ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தம் வகுப்பின் விடைத்தாள்களைக் கொண்டுவந்து, தப்பான விடைகளை மட்டும் எடுத்து, எந்தப் பிள்ளை எதை நினைத்து அப்படி எழுதியிருக்கும் என்று ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். பின்னம், இடமதிப்பு, பரப்பளவு ஆகிய மூன்று பாடங்களில் தொடங்கலாம். மிக அதிகமான தவறுகள் வருவது அந்த மூன்றில்தான்.