பச்சை எரியுது, எடை வரலை

மண்டபம் பக்கம் நண்டும் இறாலும் வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்பும் கம்பெனிகளுக்கு கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். எடை மெஷினிலிருந்து ஒரு சீரியல் கேபிள், அதைப் படிக்க ஒரு சின்ன புரோகிராம், பக்கத்தில் பில் போடும் சாஃப்ட்வேர். விடியற்காலையில் போட்டுகள் கரை சேரும் நேரத்தில் அந்தச் சின்ன புரோகிராம் படுத்துவிட்டால் பெட்டி பெட்டியாகச் சரக்கு நிற்கும், கணக்குப்பிள்ளை போன் போடுவார்.

"அது ஓடுதா இல்லையானு பில்லு போடுறதே பார்த்துச் சொல்லட்டும் தம்பி" என்றார் ஒரு முதலாளி. விண்டோஸில் அதற்கு வழிக்குப் பஞ்சமில்லை. புரோகிராம் எழுத மைக்ரோசாஃப்ட் தரும் டாட்நெட்டில் 'கெட்புராசஸஸ்பைநேம்' என்று ஒரே வரி. பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயரில் ஓடுவதையெல்லாம் தரும். பெயரோடு '.எக்ஸி' சேர்க்கக் கூடாது. சேர்த்தாலும் எரர் வராது, காலிப் பட்டியல்தான் வரும். ஓடிக்கொண்டிருப்பதை ஓடவில்லை என்று நம்பிவிடுவோம். பேட்ச் ஃபைலில், ஓடுபவற்றைப் பட்டியலிடும் டாஸ்க்லிஸ்ட் கட்டளையை வைத்துத் தேடுபவர்களுக்கு வேறொரு வில்லங்கம்: அதன் அட்டவணையில் பெயர் 25 எழுத்தோடு வெட்டுப்படும். சிஎஸ்வியாக, அதாவது கமா போட்டுப் பிரித்த பட்டியலாகக் கேட்டால்தான் முழுப்பெயர். லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம், அங்கே ஓடுவதைத் தேடும் பிஜிரெப் கட்டளை சாதாரணமாகப் பார்க்கும் பெயர் 15 எழுத்துதான்.

பழைய புரோகிராமில், ஏற்கெனவே ஓடுகிறதா என்று பார்க்க ஒரு லாக் (பூட்டு) ஃபைல் வைத்திருந்தார்கள். தொடங்கும்போது தன் புராசஸ் எண்ணை (ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் விண்டோஸ் தரும் எண்) அதில் எழுதும், முடியும்போது அழிக்கும். நம் ஊர் கரண்டுக்கு இது சரிப்படாது. பட்டென்று கரண்டு போனால் ஃபைலை யார் அழிப்பது? மறுபடி ஆன் செய்தால் அதே எண் சில நேரம் பிரிண்டர் சர்வீஸுக்குப் போயிருக்கும். 'ஏற்கெனவே ஓடுகிறது' என்று சொல்லிப் புரோகிராம் திறக்கவே திறக்காது. பெயரிட்ட மியூடெக்ஸ் ஒன்றை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. புரோகிராம் எப்படிச் செத்தாலும் விண்டோஸே அதை விடுவித்துவிடும்.

எடை புரோகிராம் ஓடினால் பில் சாஃப்ட்வேரில் பச்சை எரியும். இத்தனையும் சரியான பிறகு வந்த போன்தான் முக்கியம். "தம்பி, பச்சை எரியுது, எடை வரலை."

போய் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் புரோகிராமின் பெயர் இருக்கிறது, ஜன்னலைக் காணோம். யாரோ மூடியிருக்கிறார்கள். உள்ளே கேபிளைப் படிக்கும் த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) மட்டும் அடுத்த எழுத்துக்காகக் காத்துக்கொண்டு, கேபிள் வந்து சேரும் காம் போர்ட்டை விடாமல் பிடித்திருக்கிறது. ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் திறக்க முடியும். புதிதாகத் திறந்தால் 'அனுமதி இல்லை'. புரோகிராம் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் 'ரெஸ்பாண்டிங்' என்ற சோதனையும் கைகொடுக்காது. ஜன்னல் இல்லாத புராசஸுக்கு அது எப்போதும் 'ஆம்' என்றே சொல்லும். வீட்டில் செருப்பு கிடக்கிறது என்பதற்காக ஆள் விழித்திருக்கிறார் என்று சொல்லலாமா?

முதலாளி கேட்டது ஓடுகிறதா என்று. அவருக்கு வேண்டியது எடை வருகிறதா என்று. இரண்டும் வேறு கேள்வி. விசைப்படகுகள் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் இதை மாற்றினேன். நாட்டுப்படகு நண்டு வந்துகொண்டிருந்ததால் சோதித்துப் பார்க்கவும் வசதி. அங்கிருக்கும் மெஷின்கள் தட்டு காலியாக இருந்தாலும் எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும் ரகம். ஒவ்வொரு முறை எடை வரும்போதும் படிக்கும் புரோகிராம் நேரத்தை ஒரு சின்ன ஃபைலில் எழுதுகிறது. பில் சாஃப்ட்வேர் அந்த நேரத்தைப் பார்க்கிறது. பழையதாகிவிட்டால் பச்சை சிவப்பாகும். படிக்கும் த்ரெட்டை, புராசஸைப் பிடித்து வைக்காத பின்னணி த்ரெட்டாக மாற்றியதில், ஜன்னலை மூடினால் புராசஸும் போய்விடுகிறது. புராசஸ் பட்டியலை இப்போது சிவப்பு வந்த பிறகுதான் பார்க்கிறேன், காரணம் தேட.

ஒரு கம்பெனியில் மட்டும் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோய், கரண்டு வந்ததும் கடிகாரம் பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது. நெட் கிடைத்ததும் நேரம் தாவும், சிவப்பு ஒரு முறை மின்னி அடங்கும். கணக்குப்பிள்ளை அதைப் பற்றி இன்னும் கேட்கவில்லை. நேரத்துக்குப் பதில் ஒவ்வொரு எடைக்கும் ஒரு வரிசை எண்ணை எழுதி, அது ஏறுகிறதா என்று பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதற்குள் யாராவது பேட்டரியை மாற்றினாலும் நல்லதுதான்.