செம்பனைக் குலையும் கணினியின் கண்ணும்

தீபாவளி லீவுக்குச் சுங்கை சிப்புட் வந்திருக்கிறேன். கைப்பேசியில் எடுத்த செம்பனைக் குலைப் படங்களை வைத்து, பழமா காயா என்று பார்க்கக் கணினியைப் பழக்கிக்கொண்டிருந்தேன். அப்பா எட்டிப் பார்த்தார். "அது எப்படிடா கண்டுபிடிக்கும்?"

கணினிக்குள்ளே பல கணக்கு அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படத்தைப் பார்க்கும். முதல் அடுக்குக்குக் குலை என்றாலே தெரியாதுப்பா. வெறும் கோடு, ஓரம், நிற மாற்றம், அவ்வளவுதான். அடுத்த அடுக்கு அவற்றைச் சேர்த்து வளைவு, சொரசொரப்பு என்று பிடிக்கும். இன்னும் மேலே போனால் முள், பழம். கடைசியில்தான் குலை. எதைத் தேட வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. தப்பு செய்யச் செய்யத் தானே திருத்திக்கொள்ளும். ஜப்பான் விஞ்ஞானி ஃபுகுஷிமா 1980லேயே இப்படி அடுக்கிக் காட்டினார். ஆனால் 2012இல் அலெக்ஸ்நெட் என்ற இதே மாதிரி அடுக்கு நிரல் சுமார் 12 லட்சம் படங்களில் பழகி, படத்தில் இருப்பதை அடையாளம் காணும் போட்டியில் ஜெயித்த பிறகுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

என்னுடையது? பழுத்த குலைகளை எல்லாம் மழை நாளில் படம் எடுத்துத் தொலைத்திருக்கிறேன். அது பழத்தை விட்டுவிட்டு ஈரத் தரையைப் படித்து வைத்திருக்கிறது! காய்ந்த மண்ணில் கிடந்த நல்ல பழம் அதற்குக் காய்.

அப்பா சிரித்தார். "நானும் முதல்ல கீழே பழுத்து விழுந்த உதிரி கிடக்கான்னுதான் பார்ப்பேன்."

அவரும் தரையைத்தான் பார்க்கிறார்!