எந்த ஊரோடு ஒப்பிடுவது?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் போலீஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யச் சட்டம் விடாது. அதற்கு ஈடாக 1969-இல் வந்தது 312-ஆம் சட்டம். நகராட்சிக்கும் போலீஸ் சங்கத்துக்கும் சம்பளப் பேச்சு முறிந்தால் மூவர் குழுவிடம் போகலாம். ஆளுக்கொரு உறுப்பினரை அனுப்புவார்கள், நடுவில் பொது ஆள் ஒருவர். அந்த நடு நாற்காலியில் சில வழக்குகளுக்கு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆளுக்குப் பாதி என்று பிரித்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பண விஷயத்தில் அது நடக்காது. இரு தரப்பும் கடைசியாக எழுதிக் கொடுத்ததில் ஒன்றை அப்படியே எடுக்க வேண்டும். சங்கம் 3 சதவீதம், நகராட்சி 1 சதவீதம் என்றால் நான் 2 என்று எழுதக்கூடாது. எனக்கு இந்த விதி பிடிக்கும். ரொம்பக் கேட்டால் மொத்தமும் போய்விடுமோ என்ற பயத்திலேயே, மாதக்கணக்கில் அசையாதவர்கள் கடைசி நேரத்தில் இறங்கி வருவார்கள்.

உண்மையான சண்டை, போலீஸ் சம்பளத்தை எந்த ஊரின் சம்பளத்தோடு ஒப்பிடுவது என்பதில்தான். சங்கத்தின் பட்டியல் முழுக்கப் பணக்காரப் புறநகர்கள், நகராட்சியின் பட்டியலில் எல்லாம் நொடித்துப்போன ஊர்கள், இரண்டிலும் பொதுவாக இரண்டு மூன்று ஊர் தேறினாலே பெரிது. மக்கள்தொகை, சொத்து வரி மதிப்பு என்று சாட்சிகள் அடுக்கிக்கொண்டே போக, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கண் சொருகும். 2011 திருத்தத்துக்குப் பிறகு, நகராட்சியால் கொடுக்க முடியுமா என்பதற்குத்தான் முதலிடம். 2013-இல் டெட்ராய்ட் திவாலானதிலிருந்து அந்தப் பெயரை இழுக்காத நகராட்சி வக்கீலை நான் பார்த்ததில்லை.

ஒரு வழக்கில் நகராட்சி, சம்பளத்தை ஏற்றாமல் ஒரே தடவையாக 2,500 டாலர் தருவதாகச் சொன்னது. சங்கம் கேட்டது 3 சதவீதம். "70,000 டாலர் வாங்குபவருக்கு 3 சதவீதம் என்றால் 2,100தானே, நாங்கள் கூடுதலாகத்தானே தருகிறோம்" என்றார் நிதி அதிகாரி. எதிரே இருந்த சார்ஜென்ட் சிரித்துவிட்டார். 2,500 அந்த வருடத்தோடு சரி. 2,100 அடிப்படைச் சம்பளத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு வருடா வருடம் வரும், ஓவர்டைம், பென்ஷன் எல்லாவற்றையும் கூடவே தூக்கும். அது தெரியாமலா நிதி அதிகாரி அப்படிச் சொன்னார்!

ஊரின் கையிருப்பு ஏறிக்கொண்டுதான் இருந்தது, அதனால் சங்கத்தின் பக்கம் எழுதினேன். தீர்ப்புக்கு முன் மூவரும் தனி அறையில் பேசியபோது, "எங்களால் சமாளிக்க முடியும், ஆனால் நான் மறுப்பு எழுதியாக வேண்டும்" என்றார் நகராட்சியின் உறுப்பினர். எழுதினார், நான்கு பக்கம், ஊரே மூழ்கப்போகிறது என்கிற மாதிரி.