டயாலிசிஸ் வேலைக்கு ஒரு கடிதம்

மார்ச் 3

டயாலிசிஸ் யூனிட்டில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை காலியாம். பயோடேட்டாவோடு கவர் லெட்டரும் வேண்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். நைட் டியூட்டி முடித்துத் தூங்கி எழுந்து, நெட்டில் மாதிரிக் கடிதங்களைத் தேடிப் பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சு: சேவை மனப்பான்மை, கனிவு, கடின உழைப்பு. நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர் யார்தான் தனக்குக் கனிவு கிடையாது என்று எழுதப்போகிறார்?

மாதிரிகளை மூடிவிட்டு விளம்பரத்தையே பிரிண்ட் எடுத்து அடிக்கோடு போட்டேன். ஷிஃப்ட் முறை, தொற்றுத் தடுப்பு, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் ஆபரேஷனில் இணைத்து வைக்கிற இடம்) பராமரிப்பு. டயாலிசிஸ் அனுபவம் இருந்தால் நல்லது என்கிறார்கள், இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. சரி, எழுதலாம்.

மார்ச் 5

எனக்கு மெஷின் ஓட்டிப் பழக்கமில்லை, இருப்பது மெடிக்கல் வார்டில். இதைப் பூசி மெழுகினால் இன்டர்வியூவின் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வேன், அதனால் ஒரே வரியில் நேராகவே எழுதிவிட்டேன்: தனியாக மெஷின் இயக்கியதில்லை, பயிற்சிக்குத் தயார். ஆனால் அதோடு நிறுத்தினால் அநியாயம். வாரம் மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் மெஷினில் படுத்திருந்துவிட்டு வருகிறவர்கள் வார்டில் அட்மிட் ஆகும்போது மிச்ச நேரமெல்லாம் அவர்களைப் பார்த்துக்கொள்வது நாங்கள்தானே. தினமும் காலையில் அதே தராசில் எடை, குடித்ததும் போனதும் மில்லி கணக்கில் சார்ட்டில். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினால் அது சதை இல்லை, கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர். ஃபிஸ்டுலா இருக்கிற கையில் பி.பி. பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது என்று கட்டில் தலைமாட்டில் எழுதி ஒட்டுவதும், அவசரத்தில் அதே கையைப் பிடிக்கிற புதுப் பயிற்சி டாக்டரைத் தடுப்பதும் எங்கள் வேலைதான். (இந்தக் கடைசி விஷயம் கடிதத்தில் இல்லை.)

எழுத வேண்டியது ஒரு ராத்திரியைப் பற்றி என்று தோன்றியது. ஷிஃப்ட் மாறும்போது வழக்கம்போல ஒரு நோயாளியின் ஃபிஸ்டுலா மேல் விரல் வைத்தால் பூனை உறுமுகிற மாதிரி இருக்கும் அந்த அதிர்வு இல்லை. ஸ்டெதஸ்கோப் வைத்தேன், சத்தமும் இல்லை. அடைப்பாக இருந்தால் நேரம் போகப் போக அந்த ஃபிஸ்டுலாவைக் காப்பாற்றுவது கஷ்டம், விடியட்டும் என்று விட முடியாது. டியூட்டி டாக்டரை எழுப்பினேன். இதை மூன்று வாக்கியத்தில் அடக்கினேன்: பார்த்தது, யாரிடம் சொன்னது, எதை எழுதிவைத்தது. கடிதத்தில் உருப்படியான இடம் என்றால் அதுதான்.

மார்ச் 6

அந்த மூன்று வாக்கியத்தில் நோயாளியின் வயது, பெட் நம்பர், தேதி, தொழில் எதுவும் இல்லை. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. எங்கள் வார்டில் வேலை பார்த்த யாராவது அந்த யூனிட்டில் இருந்தால் இரண்டு விவரத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். அதோடு, இன்றைக்கு இங்கே உள்ளவரைப் பற்றி அங்கே சொல்கிறவள் நாளைக்கு அங்கே உள்ளவரைப் பற்றி வேறெங்கோ சொல்லமாட்டாளா என்று எனக்கே தோன்றும், வேலைக்கு எடுக்கிறவருக்குத் தோன்றாதா?

மார்ச் 9

இன்சார்ஜ் அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "ஏம்மா, ஹெபடைடிஸ் பி ஊசி எங்கே?" என்றார். டயாலிசிஸ் யூனிட்டில் ரத்தத்தோடுதான் முழு நேரமும் புழங்க வேண்டும், முதலில் அதைத்தான் பார்ப்பார்களாம். மூன்று டோஸ் போட்டதையும், ஆன்டிபாடி அளவு 10-க்கு மேல் வந்த (அதாவது ஊசி பலித்திருக்கிறது என்று காட்டும்) ரிப்போர்ட் கையில் இருப்பதையும் சேர்த்தேன். நர்சிங் கவுன்சில் பதிவு எண், பி.எல்.எஸ். என்கிற அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் முடிகிற மாதம் (அது இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும்), எப்போது சேர முடியும் என்பதும் ஏறின. இடம் பற்றவில்லை. "சிறு வயது முதலே" என்று ஆரம்பித்த பத்தியை அக்கா பேனாவாலேயே அடித்தார். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை.

மார்ச் 11

அனுப்பியாயிற்று. பி.டி.எஃப்., தலைப்பில் விளம்பர எண், கடிதம் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் பெயருக்கே.

சாயங்காலம் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும் தோழி போன் செய்து, "உன் லெட்டரை அனுப்புடி, பேரை மாத்திப் போட்டுக்கறேன்" என்றாள். அதில் உனக்கு ஆகிறது ஒன்றும் இல்லை, வயிற்றை மூடுவதற்கு முன்னால் காஸ் துணி, ஊசி எல்லாம் எண்ணிச் சொல்வாயே, அதை எழுது என்றேன். "அது எல்லாரும் செய்யறதுதானே?" என்றாள். சரி, கணக்கு இடித்த அன்றைக்குச் சர்ஜனிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசினாள். அதையே எழுதச் சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினேன்.